பின்னறைக்குப் பூட்டுப் போட்ட கதை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். ஆஸ்பத்திரியில் என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம், நோயாளிகள் உட்பட.

புது வழக்கம் ஒன்று நல்லதென்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை மனிதர்களைச் செய்யவைப்பது வேறு வேலை, அந்த இரண்டாவதற்கென்றே ஓர் அறிவியல் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்று என் தங்கை பெருமையடித்தபோது, இதற்கெல்லாமா படிப்பு, சொன்னால் செய்துவிட்டுப் போகிறார்கள் என்று சிரித்தேன் அல்லவா, அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஷிஃப்ட் மாறும்போது, நான் நிர்வாகம் பார்க்கும் வார்டின் நர்சுகள் பின்னறையில் உட்கார்ந்துதான் ஒவ்வொரு நோயாளியின் நிலைமையையும் அடுத்து வருபவர்களிடம் சொல்லி ஒப்படைப்பார்கள். அதையே கட்டிலருகே நின்று, நோயாளி காதுபடச் சொன்னால் தவறுகள் குறையும் என்றீர்கள். முதலில் அவர்களைக் கேளுங்கள், இரண்டு கட்டிலில் மட்டும் செய்து பாருங்கள் என்றும் சொன்னீர்களாம். அப்போது உங்கள் வீட்டு விருந்தில் எனக்கு இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டிருந்தார்கள், காது அங்கே இல்லை. மறுநாளே வார்டு முழுவதற்கும் உத்தரவு போட்டு, பின்னறைக்குப் பூட்டும் போட்டேன்.

முதல் நாளே ஒரு நர்ஸ், இவர் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்கிறார் என்று சொல்ல, அவர் மனைவி, "வீட்லயும் இப்படித்தாம்மா" என்று தொடங்கிக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒப்படைக்க, பக்கத்துக் கட்டில்காரர் சமரசம் பேச எழுந்து வர, அவர் கையிலிருந்த டிரிப்ஸ் ஊசி பிடுங்கிக்கொண்டு வர, ஒரே ரகளை. ஆனால் சீக்கிரமே எல்லாம் சரியாகிவிட்டது, கட்டில் கட்டிலாக நின்று அழகாகப் பேசினார்கள், நானும் மேலிடத்தில் போய் மார்தட்டினேன். பிறகுதான் தெரிந்தது, கட்டிலருகே "நல்லா இருக்கார், நல்லா இருக்கார்" என்று பாட்டுப் போலப் பாடிவிட்டு, உண்மையான ஒப்படைப்பை அழுக்குத்துணி அறையில், போர்வை மூட்டைகள் மேல் உட்கார்ந்து செய்கிறார்கள்.

மூத்த நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினேன். என் அம்மா இதே வார்டில் படுத்திருந்தபோது மகள்போலப் பார்த்துக்கொண்டவர், மாப்பிள்ளை. திருப்பிக் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஒரு ஷிஃப்ட்ல நாங்க உக்கார்றதே அந்தக் கொஞ்ச நேரந்தான் சார். அதையும் பூட்டிட்டீங்க. திட்டம் நல்ல திட்டந்தான். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். அவர் இல்லாத வார்டை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நான் வருத்தப்படுவதைப் பார்த்துக் காய்ச்சலோ என்று என் வீட்டுக்காரி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். போய்க் கெஞ்சினேன். நாளைக் காலை எல்லோரையும் உட்காரவைத்து, நான் வாயே திறக்காமல் அவர்கள் சொல்வதைக் கேட்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்டால் இருப்பேன் என்று அவரும் மாற்றலை நிறுத்திவைத்திருக்கிறார்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உங்களுக்கு, தாமதமாக வந்த மரியாதை.

இப்படிக்கு,
திருந்திவிட்ட மைத்துனன்

பி.கு.: பிரச்சினை உட்காருவதுதானே? கட்டிலுக்கு ஒன்றாகச் சக்கரம் வைத்த ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை, காலையில் வந்து பார்த்து அசந்துபோகட்டும். இனிமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று, நாளைக் கூட்டத்தை ரத்துசெய்துவிட்டேன்.