முதல் பந்திக்குப் புறப்பட்ட கடைசி மருமகன்

வெல்க கடைசி மருமகன்! தாள் தின்னும் எந்திரத்தைத் தட்டியே அடக்கிய தடக்கையன், மைத்தூள் படிந்த மார்பினன், "அண்ணே, அவசரம், எனக்கு மட்டும் முதல்ல" என்று வந்து நின்ற அத்தனை பேருக்கும் வழிவிட்டு வழிவிட்டே நாற்பத்திரண்டு வயதை எட்டிவிட்ட ஜெராக்ஸ் கடைக் கோமான், வாழ்நாளில் ஒரே ஒரு முறையேனும் முதல் பந்தியில் அமர்ந்து உண்பேன் என்று சூளுரைத்துக் கான்வாஸ் காலணியின் கயிற்றை இறுக்கிய அந்தக் காலைப்பொழுதைப் பாடப் புகுந்தோம். மேட்டுநிலத் தேவதையே, எம் நாவில் வந்து குடியேறுவாய். முடிந்தால் அவன் முழங்காலிலும் கொஞ்சம் தைலம் தடவுவாய்!

சூளுரைக்குக் காரணம் உண்டு. மாமனார் வீட்டில் எந்த விசேஷமானாலும், "மாப்ளே, ஐஸ் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க", "மாப்ளே, சிலிண்டர் தீர்ந்துடுச்சு" என்று ஏவப்பட்டு, வியர்க்க விறுவிறுக்க அவன் திரும்பும்போது நான்காம் பந்தியும் கைகழுவிக்கொண்டிருக்கும். பதினாறு வருடங்களில் நம் நாயகன் இனிப்பு வாளியின் அடியைக் கண்டிருக்கிறானேயன்றி இனிப்பைக் கண்டதில்லை.

இப்போது அக்குலத்தார் பதினொருவர் மலையூருக்கு விழாப் பார்க்க வந்திருந்தனர். உச்சியிலுள்ள மண்டபத்தில் நண்பகல் மணி அடித்ததும் ஊர்விருந்து. ஜீப்பில் போனால் மலையைச் சுற்றி இரண்டு மணி நேரம். ஒற்றையடிப் பாதையில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.

"சகலை, ஒழுங்கா ஜீப்ல ஏறுங்க. பின்னாடி ஸ்டெப்னி மேல எடம் இருக்கு" என்றார் மூத்த சகலை, முன்சீட்டில் ஏற்கெனவே அமர்ந்தபடி.

"நான் நடந்து வரேன். நீங்க வந்து சேரும்போது நான் ரெண்டாவது தடவை சோறு வாங்கிட்டிருப்பேன்!" என்று முழங்கினான் நாயகன்.

"வீம்புக்கு நடக்காதீங்க, ராத்திரி முட்டி வலிக்குதுன்னு என்னைத்தான் எழுப்புவீங்க" என்றாள் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, போங்க. நான் முன்னாடி வந்தா என் பையைப் போட்டு உங்களுக்கு எடம் புடிச்சு வெக்கிறேன்" என்றாள். படைக்கலம் வழங்கி அனுப்பும் வீரமங்கையரும் இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்?

ஏறினான். ஒருபுறம் செங்குத்துப் பாறை, மறுபுறம் அடிகாணாப் பள்ளம், நடுவே ஓராள் அகலத்தில் வளைந்து நெளிந்து செல்லும் பாதை. அதில் புயலெனப் புறப்பட்டு, காற்றெனத் தணிந்து, முக்கால் மணி நேரத்தில் மூச்செனச் சுருங்கி அவன் ஊர்ந்துகொண்டிருந்த வேளையில்...

கிணிங். கிணிங்.

திரும்பினான். ஈட்டிக் காதும் இரும்புக் குளம்பும் எவரையும் மதியாத விழியும் கொண்ட கோவேறு கழுதையொன்று, இருபுறமும் இரு மூட்டை தாங்கி, பட்டத்து யானையின் மிடுக்கோடு பின்னால் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னே கழுதைக்கார அக்கா.

"தம்பி, கொஞ்சம் பாறையோரமா ஒட்டி நில்லுங்க. இது தாண்டிப் போயிடட்டும்."

வழி விடுவதா! வழிவிட்ட வாழ்வெல்லாம் அவன் கண்முன் ஊர்வலம் போனது. இரு கைகளையும் அகல விரித்து, மடை அடைத்த மதகெனப் பாதை நடுவே நின்றான்.

"முடியாது! இன்னிக்கு எவனுக்கும் வழி விடமாட்டேன்! மனுஷனுக்கும் இல்ல, கழுதைக்கும் இல்ல!"

"ஐயோ, அதை நிக்க வெச்சுடாதீங்க தம்பி!"

அவன் செவியில் அது விழவில்லை. கழுதை மூக்கை நீட்டியது, அவன் பின்வாங்கவில்லை. கழுதை சீறியது, அவனும் சீறினான். வானவர் பூமாரி பொழியக் கூடையைத் தூக்கிய அக்கணத்தில், கழுதை மெல்லக் கழுத்தை நீட்டி, அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த மலைப்பாதை வரைபடத்தை உருவி, அமைதியாகத் தின்று முடித்து, நின்றுவிட்டது.

நின்றது என்றால், நட்ட கல்லாய் நின்றது.

அக்கா தலையில் கைவைத்தாள். "போச்சு! ஏத்தத்துல சுமையோட ஒரு தடவை நின்னுடுச்சுன்னா, மூட்டையை இறக்கினாத்தான் இது காலை எடுக்கும். மறுபடி மேல சமதரையிலதான் ஏத்த முடியும்."

"மூட்டையில என்னக்கா?"

"அரிசி. விருந்துக்கு. மேல உலை கொதிச்சிட்டிருக்கும், என்னையத் திட்டிக்கிட்டே."

இடி விழுந்தது போலிருந்தது நாயகனுக்கு. எந்தப் பந்தியில் முதலில் அமர இத்தனை தூரம் ஏறினானோ, அந்தப் பந்தியின் சோற்றையே அவன் இவ்வளவு நேரமும் மறித்து நின்றிருக்கிறான்!

"ஒண்ணை நான் தூக்கறேன்" என்றாள் அக்கா.

"இன்னொண்ணு?" என்றான்.

"நீங்கதான். பின்ன, கழுதையா தூக்கும்?"

தூக்கினான் ஐயா, தூக்கினான்! மேருவைத் தோளேற்றியவன் போல் இருபத்தைந்து கிலோவைத் தலையேற்றி, கழுத்து புதைய, கண் பிதுங்க, கான்வாஸ் காலணி கதற அவன் ஏறினான். சுமை நீங்கிய கழுதையோ அவனைத் தாண்டி, புதுமாப்பிள்ளை போல் குலுங்கிக் குலுங்கி முன்னே நடந்தது.

மண்டபத்தில் மணி அடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஜீப் வந்து சேர்ந்திருக்க, சகலை சட்டைக்கையை மடித்து, வெறும் தட்டை முறைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டார்யா அரிசிக்காரர்!" என்று கரண்டியை உயர்த்தினார் சமையல்காரர். "தம்பி, புண்ணியமாப் போகும், அந்த அரிசியைக் கொஞ்சம் களைஞ்சு குடுங்க. ஆளு பத்தலை."

களைந்தான். உலையிலிட்டான். வடித்தான். இடுப்பில் யாரோ துண்டைக் கட்டினார்கள். கையில் யாரோ வாளியைக் கொடுத்தார்கள். அவ்வாறாக, பதினாறு ஆண்டுத் தவம் பலித்து, முதல் பந்தி நடந்த அந்த மண்டபத்துள் முதல் வரிசையின் முதல் தட்டெதிரே சோற்று வாளியேந்தி நின்றான் நம் வீரன்.

"சகலை, இங்க இன்னும் கொஞ்சம்" என்றார் சகலை, வாய் நிறைய.

பக்கத்து இடத்தில் ஒரு கைப்பை மட்டும் அமர்ந்திருந்தது. மனைவி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கூவினாள்: "ஏங்க, வாளியை வெச்சுட்டு வந்து உக்காருங்க!"

வாளியைப் பார்த்தான். இடத்தைப் பார்த்தான். வரிசை நெடுக நிமிர்ந்திருந்த காலித் தட்டுகளைப் பார்த்தான். பாறைகள் அதிர, பள்ளத்தாக்குகள் எதிரொலிக்க, அவன் திருவாய் மலர்ந்தது:

"இதோ, இந்த ஒரு வரிசையை மட்டும் முடிச்சுட்டு வந்துடறேன்."

ஜெராக்ஸ் கடைக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது மணி நாலேகால், குழம்பு தீர்ந்துபோயிருந்தது.