காலிக் குடுவையில் துடித்த குடல்

படித்தவர்களுக்குப் பேய் பயம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பயந்திருக்கிறேன். அதுவும் பட்டப்பகலில், ஒரு சாண் ஆட்டுக்குடலுக்கு.

குடல் தசை சுருங்கி விரிவதைக் கணினி அலைகளாக வரைந்து எண்ணும். அதற்கான மென்பொருள்தான் என் ஆராய்ச்சி. (வீட்டில் அதற்குப் பெயர் ‘வயித்துக் கம்ப்யூட்டர்’.) வெளியூர்ப் பேராசிரியர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பட்டம்.

அவர் வந்த அன்று காலை ஆய்வுக்கூட உதவியாளர் முருகையன் அண்ணன் பெரிய மார்க்கெட்டிலிருந்து புதுக் குடல் வாங்கி வந்தார். வெதுவெதுப்பான உப்புநீர்க் குடுவையில் ஒரு துண்டைக் கணினியோடு இணைத்த கம்பியில் தொங்கவிட்டு, ஆக்சிஜன் செலுத்தினோம். ஆடு செத்து மூன்று மணி நேரம். குடலுக்கு அது தெரியவில்லை. மெல்லச் சுருங்கியது, விரிந்தது. திரையில் அலை எழுந்தது.

“எண்ணிக்கை சரின்னு எப்படிம்மா சொல்றீங்க?” என்றார் பேராசிரியர். அலை குதித்தது. அடுத்த கேள்விக்கு இன்னும் உயரமாக.

“நான் கேட்டா குடல் ஏன் பதறுது?”

முருகையன் அண்ணன் பக்கம் திரும்பினேன். “அண்ணே, அத வெளிய எடுங்க.”

இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார். குடுவையில் வெறும் தண்ணீர். ஆனால் திரையில் அலை நிற்கவில்லை. தட்டில் கிடந்ததோ அசையாமல் கிடந்தது.

“பாப்பா, ஆடு இன்னும் போவல,” என்று அண்ணன் கைகூப்பினார்.

அலறிக்கொண்டு ஓடினேன். வராந்தா, படிக்கட்டு, சைக்கிள் ஷெட். (இரண்டு பட்டம் வாங்கியவள்!)

நான் படியிறங்கியதும் அலை நின்றுவிட்டதாம். பேராசிரியர் ஆளனுப்பி என்னைத் திரும்ப அழைத்தார். உள்ளே வந்தேன், அலை எழுந்தது. வெளியே போகச் சொன்னார், அடங்கியது.

“ஆடு அந்தப் பொண்ணுகிட்டதான் இருக்கு,” என்றார்.

அப்போதுதான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மனித வயிற்றின் அசைவை அளந்து கணினிக்கு அனுப்பும் கம்பியில்லாப் பட்டையைக் காலையில் சோதனைக்கு நானே கட்டிக்கொண்டு, சுடிதாருக்குள் மறந்திருக்கிறேன். கணினி ஆட்டை விட்டுவிட்டு என்னைப் படித்திருக்கிறது. பயத்தில் வாங்கிய மூச்சையும் குடலசைவு என்றே எண்ணியிருக்கிறது.

“மூச்சையும் குடலையும் பிரிக்கத் தெரிஞ்சதும் கூப்பிடும்மா,” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். பிரிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

இப்போதும் நான் “பசியில்ல, கோவமும் இல்ல” என்று முறைத்தால், என் கணவர் வாசலைக் காட்டுவார்: “கொஞ்சம் வெளிய போயி நின்னு சொல்லு, அலை அடங்குதான்னு பாப்போம்.”