அறுபத்தெட்டாவது மாப்பிள்ளை

காலை ஒன்பதே முக்கால். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு ஜமக்காளங்கள். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில், பெண் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே விரித்திருந்தார்கள். ஒன்றில் மாப்பிள்ளை வீட்டாராகிய நாங்கள்; மற்றதில் அவர்கள். நடுவே தேங்காய், வெற்றிலை, புடவை வைத்த தட்டுகள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

மாப்பிள்ளை என் பெரியம்மா மகன் சம்பத் அண்ணன். மதராஸில் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் துணை விமானியாக இருந்தவர். (எங்கள் குடும்பத்தில் அதுவரை அதிக உயரம் போனவர்கள் மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் போனவர்கள்தான்.) முந்தின வருஷம், 1953இல், அரசாங்கம் விமானக் கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்தது. விமானங்களைச் சேர்ப்பதில் சிரமம் இல்லை. விமானிகளின் சீனியாரிட்டியைச் சேர்ப்பதில்தான் எல்லாச் சிரமமும். பழைய கம்பெனியில் ஆறாவது ஆளாக, கேப்டன் பதவிக்குக் காத்திருந்த அண்ணன், புது வரிசையில் அறுபத்தெட்டாவது ஆளானார்.

இது எப்படியோ பெண்ணின் அப்பா காதுக்குப் போய்விட்டது. அவர் பெரிய கடை வீதியில் துணிக்கடை வைத்திருந்தார். தட்டைத் தொடாமல் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. பொண்ணு பார்க்க வந்தப்ப ஆறாவதுன்னு சொன்னாங்க. இப்ப அறுபத்தெட்டுங்கிறாங்க. மாப்பிள்ளை ஏதாச்சும் தப்புத் தண்டா பண்ணிட்டாரா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். நான் அப்போது திருச்சிப் பத்திரிகை ஒன்றில் புது நிருபர். இந்த விவகாரத்தைப் பற்றி அரைப் பத்தி எழுதியிருந்தேன். ஆகவே முழுவதும் தெரியும் என்று நம்பினேன்.

"சொன்னாப் புரியாதுங்க, செஞ்சே காட்டுறேன். நீங்க ஒரு கம்பெனி, நாங்க ஒரு கம்பெனி. இப்ப ஒண்ணாகப் போறோம். எல்லாரும் எழுந்திரிச்சு ஒரே வரிசையா உட்காருங்க. முதல்ல வயசுப்படி."

உட்கார்ந்தார்கள். (பத்திரிகைக்காரன் என்றால் அப்போது ஒரு மரியாதை இருந்தது. அதாவது, இந்த நாளுக்கு முன்பு.)

பெண் வீட்டில் வயதானவர்கள் அதிகம். எங்கள் பக்கம் முதல் ஆளாக இருந்த துறையூர்த் தாய்மாமன் ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

"ஏண்டா, தாய்மாமன் அஞ்சாவதாடா? இதுக்கா முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஓடியாந்தேன்?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. வேற முறை இருக்கு. குடும்பத்துல சேர்ந்த தேதிப்படி வைப்போம். பொறந்தவங்களுக்குப் பொறந்த நாள், கட்டிக்கிட்டு வந்தவங்களுக்குக் கல்யாண நாள்."

மாமா மூன்றாவதானார். ஆனால் பெண் வீட்டு மூத்த மாப்பிள்ளை, உப்பிலியபுரத்துக்காரர், குடும்பத்தில் சேர்ந்தே மூன்று வருஷம்தான். அவரை அரைக்கால் சட்டை போட்ட மைத்துனனுக்கு அடுத்து உட்கார வைத்தேன்.

"நான் இந்த வீட்டு மூத்த மருமகன். இந்தப் பொடியனுக்குப் பின்னாடியா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். "மாப்பிள்ளை, இருங்க மாப்பிள்ளை!" என்று மாமனார் பின்னாலேயே ஓடினார். பெண்ணின் அம்மா கதவோரம் நின்று, "நல்ல நாளும் அதுவுமா இந்தத் தம்பியை யாரு கூட்டியாந்தது?" என்றார். அந்த நிலையிலும், மூன்றாவதாக ஒரு முறை உண்டு என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பத் அண்ணன் எழுந்தார். வரிசையின் கடைசி ஆளையும் தாண்டி, சமையல்கட்டு வாசலை ஒட்டி, வெறுந்தரையில் உட்கார்ந்து, வாசலில் நின்ற பெண்ணின் அப்பாவிடம் சொன்னார்.

"மாமா, நான் தப்பு ஒண்ணும் பண்ணலை. எனக்கு முன்னாடி ஓட்ட ஆரம்பிச்சவங்க மத்த கம்பெனிகள்ல அத்தனை பேர் இருந்தாங்க, அவ்வளவுதான். கேப்டனாக ரொம்ப நாளாகும். உங்களுக்குச் சம்மதம்னா தட்டு மாத்துங்க."

சமையல்கட்டுக்குள்ளிருந்து கல்யாணப் பெண் கமலாவின் குரல் வந்தது.

"அப்பா, அவருக்கு ஒரு ஜமக்காளம் போடச் சொல்லுங்க."

முதலில் சிரித்தவர் தாய்மாமன். பெண்ணின் அப்பா தம் கையாலேயே ஜமக்காளத்தை இழுத்துக்கொண்டு போய் விரித்தார். மூத்த மாப்பிள்ளையும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவரை எல்லாருக்கும் முன்னால் உட்கார வைத்தார்கள். ராகுகாலம் பிறப்பதற்குள் தட்டு மாறியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நான் பந்தி பக்கம் போனால் யாராவது கத்துவார்கள்: "அவனை உள்ள விடாதீங்க, வரிசையைச் சேர்த்துடுவான்!" துறையூர் மாமா கடைசிவரை என்னிடம், "நான் இப்ப எத்தனாவதுடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனின் விமானம் திருச்சிக்கு வரும் நாள்களில், ஸ்ரீரங்கத்துத் தாய்வீட்டுக்கு வந்திருந்தால், கமலா அண்ணி மொட்டை மாடிக்குப் போய்விடுவார். கொள்ளிடத்துக் காற்றில் கொடித்துணிகள் படபடக்க, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

அவர்களுடைய இரண்டாவது பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அண்ணன் கேப்டன் ஆனார்.