புதன் பன்னிரண்டு தொடக்கம் ஒன்றரை

"அங்கிள், கலண்டரின்ர அடியில என்ன எழுதியிருக்கெண்டு கேக்கினம்," என்றாள் அச்சகத்தில் வேலை செய்யும் துர்க்கா, ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு.

அருள்நாயகம் மெஷினை நிறுத்தினார். மோர்னிங்சைட்டில் இருபத்தெட்டு வருடமாக அச்சகம் நடத்துகிறவர். தமிழ்க் கடைகளுக்கெல்லாம் நாட்கலண்டர் அடித்த கை. இந்த முறைதான் அங்கே குடியேறிய ஸ்கொட்லாந்துக்காரரின் சங்கம் ஒன்று ஓடர் கொடுத்திருந்தது. 2025ஆம் ஆண்டுக்கு முந்நூறு கலண்டர், தாளுக்குத் தாள் அவர்களுடைய சரித்திரத்தில் ஒரு நாள். இரண்டு நாள் பிந்திக் கொடுத்ததற்கே ஏச்சு வாங்கியிருந்தார். போதாததற்கு, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தாளின் அடியிலும் ராகுகாலம் தமிழில் குந்திக்கொண்டிருந்தது.

"ஆசீர்வாதம் எண்டு சொல்லு."

துர்க்காவும் சொன்னாள். மறுநாளே சங்கத்தார் ஃபோன் கமராவைத் தாளுக்கு நேரே பிடித்தார்கள். கெட்ட நேரம் என்று மொழிபெயர்த்துத் தந்தது அது. முந்நூற்று அறுபத்தைந்து தாளிலும் கெட்ட நேரம். எங்களுக்குச் சாபம் போடுகிறீர்களா என்று செயலாளர் அம்மையார் கேட்டார்.

"பிழை விட்டிட்டம், சொறி எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அங்கிள்."

"ராகுகாலம் இல்லாட்டி உது கலண்டரே? வெறும் கடதாசி. நான் சொல்லமாட்டன்."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். மன்னிப்புக்குப் பதிலாக விளக்கம் அனுப்பச் சொன்னார். இது சாபமல்ல, அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான் என்று துர்க்கா ஆங்கிலத்தில் எழுதி, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் அட்டவணை போட்டுச் சங்கத்தார் எல்லோருக்கும் அனுப்பினாள்.

அங்கேதான் ஏழரை தொடங்கியது. சங்கம் நாற்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கூடுகிறது. ஞாயிறு ராகுகாலமோ நாலரை தொடக்கம் ஆறு. நாங்கள் எடுத்த முடிவு ஒன்றும் உருப்படாததன் காரணம் இப்போதல்லவா தெரிகிறது என்று பாதிப் பேர் கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டார்கள். வந்த பாதி, வராத பாதியைத் திட்டித் தீர்த்தது.

அம்மையார் கடைசியாகச் சொல்லி அனுப்பினார்: வருகிற ஞாயிறு ஐந்து மணிக்கு எல்லோர் முன்னாலும் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் முந்நூறையும் திருப்பி அனுப்பி, இந்த அச்சகத்தின் லட்சணத்தை ஊர் முழுக்கச் சொல்வார்கள். இருபத்தெட்டு வருடத்துப் பெயர். அருள்நாயகம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனாலும் போனார். ஐந்து மணிக்கு மைக்கை நீட்டினார்கள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஆறு மணிக்குப் பிறகு கதைக்கிறன்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். மண்டபமே ஒரு மணித்தியாலம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. துர்க்காவுக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஆறு அடித்ததும் எழுந்தார். ராகுகாலம் பார்த்துத்தான் கடை திறந்தேன், இதைப் பார்த்துத்தான் மகளைக் கட்டிக் கொடுத்தேன், வேண்டாதவர்கள் கத்தரிக்கோல் எடுத்து அடியை வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பிழையென்று என் வாயால் வராது என்றார். மண்டபம் கொதித்தது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அன்ட்ரூ எழுந்தார். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். கலண்டரில் இருந்த நாட்களையெல்லாம் தேடிச் சேர்த்தவர் அவர்தான். இரண்டு நாள் தாமதத்துக்கு அருள்நாயகத்தை ஏசியவரும் அவர்தான். பொல்லை ஊன்றி முன்னால் வந்து, ஏப்ரல் பதினாறைப் பிரித்து, தான் எழுதியதைத் தானே வாசித்தார்.

"1746, புதன்கிழமை. கலோடன் போர். பகல் ஒரு மணியளவில் எங்கள் பீரங்கிகளே முதலில் வெடித்தன. ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் இழந்தோம்."

2025இலும் அந்த நாள் புதன்தான். அவருடைய விரல் மெல்லக் கீழே இறங்கி, தமிழ் எழுத்தில் நின்றது. இதை வாசியுங்கள் என்றார்.

"ராகுகாலம், பன்னிரண்டு தொடக்கம் ஒன்றரை வரை," என்று அருள்நாயகம் ஆங்கிலத்தில் வாசித்தார்.

அன்ட்ரூ கண்ணாடியைக் கழற்றினார்.

"இரண்டு நாள் பிந்திவிட்டீர் என்று ஏசினேன், மன்னித்துக்கொள்ளும். நீர் பிந்தியது இருநூற்று எழுபத்தொன்பது வருடம்."