கூவாத என்ஜின் குறித்து மைத்துனருக்கு

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் அக்கா நலம், நான் இருக்கிறேன். நலமில்லாதது, நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் அன்பாகக் கொடுத்த மாதிரி ரயில் என்ஜின்தான். இரண்டு மாதமாக அதன் குரல் தேய்ந்துகொண்டே வந்து, போன செவ்வாயோடு அடங்கிவிட்டது. ஓடுகிறது, விளக்கு எரிகிறது, வாயைத்தான் திறப்பதில்லை.

என்னிடமுள்ள மற்ற ஆறு என்ஜின்களுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சில்லுகள் ஓட்டத்தோடு சரி, பிறவி ஊமைகள். இதன் வயிற்றில் இருப்பதுதான் சத்தம் போடும் டிகோடர். நகக்கண் அளவுதான் இருக்கும், ஆனால் தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் புரிந்துகொண்டு கூவும், பிரேக் கிறீச்சிடும், நின்ற பிறகு பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சுக்காகவே மாலை முழுவதும் ரயில் அறையில் உட்கார்ந்திருப்பேன். முப்பத்தோரு வருடம் டெலிபோன் இலாகாவில் ஊரார் பேச்சு ஊராருக்குக் கேட்கும்படி செய்தவன் நான். சத்தம் எந்தக் கம்பியில் செத்தது என்று எனக்கா தெரியாது என்று இறங்கியதுதான் தப்பு.

முதலில் தூசி என்று நினைத்துத் தண்டவாளத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், அது போதாதென்று சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டேன், எண்ணெய் அதிகமாகி என்ஜின் வளைவில் வழுக்கித் தரையில் விழுந்து முன்பக்கப் படிக்கட்டு ஒடிந்தது, சரி உள்ளே பார்ப்போம் என்று கூரையைக் கழற்றினால் கடுகளவு ஸ்குரூ ஒன்று தெறித்து ஓடியது, அதைத் தேடி மேஜைக்கு அடியில் ஊர்ந்து எழுந்தபோது மண்டை இடித்து, மேலே இருந்த சுரங்கப்பாதை சரிந்தது. ஸ்பீக்கர் கம்பியைப் பிரித்து பேட்டரியை ஒற்றினால் கொரகொரவென்று நன்றாகவே உறுமுகிறது, திரும்பப் பற்றவைக்கும்போது கூரையின் ஒரு மூலை உருகியதுதான் கண்ட பலன். உங்கள் அக்கா அப்போதும் வாசற்படியில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், சரி சரி என்றேன், வேலை நேரத்தில் யாருக்குக் காது கேட்கும். விளக்கப் புத்தகத்தைப் புரட்டலாம் என்றால் அதையும் இரண்டு மாதமாகக் காணோம். பழைய பேப்பரோடு போயிருக்கும்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அதற்கப்புறம்தான். டிகோடருக்குள் என்ஜினைக் கூப்பிடும் எண்ணைப் புதிதாக எழுதினால் தெளியுமோ என்று தோன்றியது. எழுதும்போது அந்த என்ஜினை மட்டும் தனித் தண்டவாளத்தில் நிறுத்த வேண்டும். நான் எல்லாம் நிற்கும் பெரிய வட்டத்திலேயே வைத்து எழுதிவிட்டேன். ஏழும் அதே எண்ணை எடுத்துக்கொண்டன. ஒன்றை நகர்த்தலாம் என்று குமிழைத் திருப்பினால் ஏழும் புறப்பட்டன, நாலு இந்தப் பக்கமாக, மூன்று அந்தப் பக்கமாக. பதற்றத்தில் நான் அமுக்கிய பொத்தான்களெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. பாலத்தின் மேல் முட்டிக்கொண்டன. ஒரு கூவல் கிடையாது. இவ்வளவு அமைதியான விபத்தை நான் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் உங்கள் அக்கா வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் புறப்படுகிறாள். பெரிய பெட்டியை எடுத்திருக்கிறாள். இந்த வெயிலில் கம்பளிச் சால்வையும் அதற்குள் போவதைப் பார்த்தேன். எப்போது திரும்புவாய் என்று நேற்று கேட்டேன். இன்னொரு புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். உங்களிடம் மறைத்து என்ன, எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வயதில் கூவாத என்ஜினோடு ஒரு வீட்டில் தனியாக இருக்க என்னால் ஆகாது. எனவே புதிய டிகோடர் ஒன்று வாங்கி அவள் கையிலேயே கொடுத்தனுப்பவும். மிகவும் அவசரம் என்றும் சொல்லவும். சொன்னால் சீக்கிரம் கிளம்பிவிடுவாள் அல்லவா.

உங்கள் இல்லாளுக்கு என் அன்பு. பிள்ளைகள் பதினாறும் பெற்று, எதையும் கழற்றிப் பார்க்காமல், நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
வீங்கிய மண்டையோடு,
உங்கள் அத்தான்

பி.கு.: தபாலில் சேர்க்கச் சொல்லி இதை உங்கள் அக்காவிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன் படித்திருக்கிறாள். பெட்டியைத் திறந்து, காணாமல் போன விளக்கப் புத்தகத்தை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், அறுபதிலிருந்து பூஜ்யம் வரை ஒவ்வொன்றாக எழுதி அடித்திருந்தது.

"நான்தான் குறைச்சேன். நீங்க குளிக்கப் போற நேரமாப் பார்த்து, தினம் ஒரு புள்ளி. நான் பேசுறது உங்க காதுல விழுற அளவுக்கு வந்ததும் நிறுத்திடலாம்னு இருந்தேன். பூஜ்யத்துக்கே வந்தாச்சு."

ஆகையால் டிகோடரில் கோளாறு இல்லை, அனுப்ப வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். வெள்ளிக்கிழமைப் பயணத்தில் மட்டும் மாற்றமில்லை. என்றைக்குத் திரும்புவாள் என்பதையும் அந்த வாசற்படியில் நின்று மூன்று தடவை சொன்னாளாம். மூன்று தடவையும் நான் சரி சரி என்றேனாம். நாலாம் தடவை சொல்ல மாட்டாளாம். உங்களிடம் சொல்லியிருந்தால், தேதியை மட்டும் ஒரு வரி எழுதவும்.