தகரம் அண்ணையும் முதற் பிரிவும்

இந்த ரொறன்ரோ மாநகரத்தில் என் துடுப்பாட்டத்தைத் தகரம் அண்ணை அளவுக்கு ஊன்றிக் கவனித்தவர் எவரும் கிடையாது. என் மனைவிகூட முதல் வருடத்தோடு நிறுத்திவிட்டாள். ஒரே சங்கடம், அண்ணை எதிர்க் கல்லூரிக்காரர்.

யாழ்ப்பாணத்தில் வருடா வருடம் மோதிக்கொண்ட இரண்டு கல்லூரிகள் எங்களுடையவை. ஸ்காபுரோவுக்கு வந்தும் நாங்கள் விடவில்லை. பழைய மாணவர் கிரிக்கெட் லீக்கில், ஓகஸ்ட் மாதத்து ஞாயிறொன்றில், மோர்னிங்சைட் பூங்காவில் எங்கள் ஆட்டம் நடக்கும். மற்ற அணிகளிடம் தோற்றால் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். இவர்களிடம் தோற்றால் அடுத்த கோடைவரை தமிழ்க் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அண்ணை பஸ் சாரதி. ஆட்டத்தன்று கட்டாயம் லீவு எடுப்பார். ஒரு மடக்குக் கதிரை, ஒரு பழைய பிஸ்கற் தகரம், ஒரு மரக்கரண்டி, இவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். எங்கள் விக்கெட் விழுந்தால் தகரம் முழங்கும். என் விக்கெட்டுக்கு மட்டும் தனிக் கவனிப்பு. நான் கூடாரத்துக்குத் திரும்பும் தூரம் முழுக்க, என் நடைக்கு ஏற்றபடி அடிப்பார். வேகமாக நடந்தால் வேகமாக அடிப்பார், மெதுவாக நடந்தால் மெதுவாக. ஒரு வருடம் பொறுக்கமுடியாமல் நடுவழியில் நின்றுவிட்டேன். தகரமும் நின்றது. மைதானமே சிரித்தது, எங்கள் கப்டன் உட்பட.

ஆனால் அவர் வாயால் ஒருநாளும் ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை. எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த குளிர்காலத்தில் முதலில் வந்த போன் அவருடையதுதான்.

"பிசியோவுக்குப் போறீரோ? விடாமப் போம், தம்பி. நொண்டிக்கொண்டு போற ஆளுக்கு நான் எப்பிடித் தகரம் அடிக்கிறது?"

அதன்பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் மாதம் ஒருமுறை போன் எடுத்து என் முழங்காலைச் சுகம் விசாரிப்பார். என்னைச் சுகம் விசாரித்ததாக நினைவில்லை.

இப்படியே போயிருக்க வேண்டியது. மூன்று வருடங்களுக்கு முன் லீக் நிர்வாகம் முன்னேற ஆசைப்பட்டது. பக்கத்து மார்க்கம் நகரில் புது மைதானமும் ஆதரவுதர நிறுவனங்களும் கிடைத்திருந்தன. ஆகவே அணிகளை இரண்டு பிரிவாக்கலாம் என்றார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் ஆடும் அணிகள் முதற் பிரிவில், மார்க்கத்தில். தொந்தியும் வண்டியும் வைத்த அப்பாமார் ஆடும் அணிகள் இரண்டாம் பிரிவில், பழைய பூங்காவில். எங்களிடம் பெடியள் இருந்தார்கள், அவர்களிடம் வண்டிகள்தான் இருந்தன. இரண்டு பிரிவும் ஒன்றோடொன்று மோதாது.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. அண்ணை எழுந்து நின்றார். கையில் தகரமில்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன்.

"எங்களை ரெண்டாம் பிரிவில போடுங்கோ. மூண்டாம் பிரிவு ஒண்டு கண்டுபிடிச்சு அதிலையும் போடுங்கோ. அந்த ஒரு மட்ச்சை மட்டும் விட்டுவிடுங்கோ."

அட்டவணையில் இடமில்லை என்றார் செயலாளர். கை தூக்கி வாக்கெடுப்பு. எனக்குத் தகரச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. பதினைந்து வருடத் தலையிடி இத்தோடு தொலையட்டும் என்று, பிரிப்பதற்கு ஆதரவாகக் கையைத் தூக்கினேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் போன் வரவில்லை.

மார்க்கம் மைதானத்தில் புல் கம்பளமாக இருந்தது. சுற்றிவரப் பெரிய பெரிய வீடுகள், மைதான வாசலில் 'சத்தம் போடக்கூடாது' என்ற அறிவித்தல். பார்க்க வந்தவர்கள் காருக்குள்ளேயே இருந்தார்கள். அங்கேதான் என் வாழ்நாளின் முதல் அரைச் சதத்தை அடித்தேன். இரண்டு பேர் கைதட்டினார்கள். அதில் ஒருத்தி என்னை ஏற்றிப்போக வந்த என் மனைவி, ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து. அடுத்த வாரம் பூச்சியத்துக்கு ஆட்டமிழந்து திரும்பினேன். ஒரு சத்தமும் இல்லை. எந்த வேகத்தில் நடப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. நான் எதற்குக் கை தூக்கினேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அண்ணை வந்தார். பஸ் ஓட்டுகிற மனிதர் மூன்று பஸ் மாறி வந்திருந்தார். மடியில் தகரம். நான் இரண்டாவது பந்திலேயே போனேன். தகரம் பேசவில்லை. கூடாரத்துக்குப் போகாமல் நேரே அவரிடம் போனேன்.

"அடியுங்கோ அண்ணை."

"இஞ்சை சத்தம் போடக்கூடாதாமெல்லே. சும்மா பாக்கத்தான் வந்தனான்."

"அண்டைக்கு நான் கை தூக்கினது பிழை, அண்ணை."

"பாத்தனான். உம்மட கவர் டிரைவை விட வடிவாத்தான் தூக்கினனீர்."

மரக்கரண்டியை வாங்கி நானே அடித்தேன். இரண்டு வீட்டு யன்னல்கள் திறந்தன. நடுவர் ஓடிவந்தார். அடுத்த நாளே நிர்வாகத்திடமிருந்து எங்கள் அணிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் அடியில் தாளமே இல்லை என்று அண்ணை இன்றைக்கும் குறை சொல்லுவார்.

இப்போது ஓகஸ்டில் ஒரு ஞாயிறு, பழைய பூங்காவில் நாங்கள் இரண்டு அணிகளும் ஆடுகிறோம். லீக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புள்ளியும் இல்லை, கிண்ணமும் இல்லை. தோற்றால் தமிழ்க் கடைப் பக்கம் போகமுடியாது என்பது மட்டும் மாறவில்லை.

நேற்று நானே அண்ணைக்குப் போன் எடுத்து, முழங்கால் சுகம் என்று சொன்னேன். இந்த முறை ஆட்டமிழந்தால் மெதுவாகத்தான் நடப்பதாக இருக்கிறேன். அண்ணை ஆசை தீர அடிக்கட்டும்.