எல்லாம் பொதுப் பதிவுதானே!

பதிவேடு மேய்வோர் என்று ஓர் இனம் உண்டு. இவர்களை வம்பு பேசுகிறவர்களோடு சேர்த்துவிடாதீர்கள், மனம் புண்படுவார்கள். வம்புக்காரர்கள் காதில் விழுந்ததைச் சொல்வார்கள். இவர்கள் ஆவண எண்ணோடு சொல்வார்கள். ஒஹையோ மாநிலத்தின் சின்னச் சின்ன மாவட்டங்களில் இந்த இனம் செழித்து வளர்கிறது. காரணம் இருக்கிறது. எந்த வீடு யார் பேரில் இருக்கிறது, எந்த வருஷம் வாங்கினார், கொல்லையில் கொட்டகை போட அனுமதி வாங்கினாரா, யார் யாரைக் கட்டிக்கொண்டார், எத்தனை வருஷம் கழித்துப் பிரிந்தார் என்பதெல்லாம் அங்கே மாவட்ட அலுவலகத்தின் இணையதளத்தில் எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது. பார்க்கும்படி கிடப்பதைப் பார்க்காமல் இருப்பது மனிதரால் ஆகிற காரியமா?

வெல்டா யோஸ்ட் அம்மாளால் ஆகவில்லை. வயது அறுபத்தாறு. பல் வைத்தியர் ஒருவரின் முன்மேசையில் முப்பது வருஷம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஊரின் வாயையெல்லாம் பார்த்து முடித்த பிறகு வீடுகளைப் பார்க்கத் தொடங்கினார். புதிதாக யாரையாவது அறிமுகப்படுத்தினால் இவர் நலம் விசாரிக்க மாட்டார். "கடைசிப் பேர்ல 'எல்' எழுத்து ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பார். எவ்வளவு அக்கறை என்று அவர்கள் பூரித்துப்போவார்கள். வீட்டுக்கு வந்ததும் கணினி முன் உட்கார்ந்துவிடுவார். தேவாலய விருந்தில் யாராவது தம்பி வீட்டைப் பற்றிப் பெருமையடித்தால், உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டே, "மூணு படுக்கையறை, எழுபத்துநாலுல கட்டினது, கூரை இன்னும் பழசுதான்" என்பார். யாரும் மறுக்க முடியாது. சரியாக இருந்து தொலைக்கும்.

"உனக்கு எதுக்கு வெல்டா இதெல்லாம்?" என்று கணவர் மெர்ல் வருஷத்துக்கு இரண்டு தடவை கேட்பார்.

"எல்லாம் பொதுப் பதிவுதானே!"

மெர்ல் மறுபடி செய்தித்தாளைத் தூக்கிக்கொள்வார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு மார்ச் மாதம், எதிர்வீட்டுக்கு நாற்பது வயதுப் பெண் ஒருத்தி பழுப்பு நாயோடு குடிவந்தாள். வெல்டா அம்மாள் வாழைப்பழ ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனார்.

"நான் எதிர்வீடு. வெல்டா யோஸ்ட். உங்க பேரு?"

"ரோன்னு கூப்பிடுங்க."

"ரோ... அப்புறம்?"

"ரோ போதுங்க. ரொட்டி நல்லா வாசமா இருக்கு, ரொம்ப நன்றி." கதவு மரியாதையாகச் சாத்திக்கொண்டது.

போதுமாமே! வெல்டா அம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுப் பதிவைப் பார்த்தார். வீடு ஏதோ ஓர் அறக்கட்டளையின் பேரில் இருந்தது. வாக்காளர் பட்டியலில் அந்த முகவரியில் யாருமே இல்லை. திருமணம், வழக்கு, வரி பாக்கி, எதிலும் இல்லை. பதினேழு நாள் தேடினார். ஒரு மனுஷி இப்படித் துடைத்துவைத்த மாதிரி இருப்பாளா? மறைப்பதற்கு ஏதோ இருந்தால்தானே மறைப்பாள்? பெயரை ஒருத்தி தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பலாம் என்பது இந்த இனத்தின் மூளையில் ஏறாத விஷயம்.

பதினெட்டாம் நாள் அந்த நாய் தெருவைக் கடந்து வந்து இவர் காலை முகர்ந்தது. கழுத்தில் உரிம வில்லை தொங்கியது, எண்ணோடு. தொலைந்த நாயை உரியவரிடம் சேர்க்கட்டும் என்று மாவட்டத்தார் நல்ல மனதோடு செய்திருந்த ஏற்பாடு அது. எண்ணைத் தட்டினால் உரிமையாளர் பெயர் வரும். தன்னைப் பற்றிய அத்தனையையும் மறைத்தவள் நாய்க்கு மட்டும் சட்டப்படி உரிமம் எடுத்திருந்தாள். அவளால் ஒரு சட்டத்தை மீற முடியவில்லை, அவ்வளவுதான்.

ரொவீனா பிரைஸ்.

மறுநாள் காலை உணவகத்தில் நாலு தோழிகள் நடுவில் காப்பிக் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு வெல்டா அம்மாள் அந்தப் பெயரைச் சொன்னார். கைதட்டல் ஒன்றுதான் பாக்கி.

"எப்படிடி கண்டுபிடிச்ச?" என்றாள் ஜூன் வைமர்.

"நாயைக் கேட்டேன்" என்றார் வெல்டா அம்மாள். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெயர் கிடைத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மத்தியானம் வீட்டுக்கு வந்து பக்கத்து மாவட்டங்களையும் அலசினார். மூன்றாவது மாவட்டத்தில் ஒரு விவாகரத்து வழக்கு கிடைத்தது. அதன் பின்னால் ஒரு தடை உத்தரவு. கணவன் இந்தப் பெண்ணின் அருகே வரக்கூடாது, தேடக்கூடாது, பிறரை விட்டு விசாரிக்கவும் கூடாது. ஏன் என்று நீதிமன்றத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் நாலு பக்கம். வெல்டா அம்மாள் இரண்டு பக்கம் படித்தார். அந்த வீட்டு மாடிப்படியில் நடந்ததைப் படித்ததும் எழுந்துபோய்க் கைகழுவினார். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. மறுபடியும் கழுவினார்.

பிறகு ஜூனுக்குத் தொலைபேசி.

"அந்தப் பேரை யார்கிட்டயும் சொல்லாதே ஜூன்."

"யார்கிட்டயும் சொல்லலையே. தேவாலயத்து முகநூல் பக்கத்துல மட்டும் போட்டேன். 'நம்ம ஊருக்குப் புதுசா வந்திருக்கிற ரொவீனா பிரைஸை வரவேற்போம்'னு. பூப்படம்கூடப் போட்டிருக்கேன்டி, அழகா இருக்கு."

"எடு அதை! இப்பவே எடு!"

எடுத்துவிட்டாள். மூன்று மணி நேரம்தான் இருந்தது. மூன்று மணி நேரத்தில் யார் பார்த்திருக்கப் போகிறார்கள் என்று வெல்டா அம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தெருவைக் கடந்து போய் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு அடி. ஊரில் ஒவ்வொரு வேலியின் நீளமும் தெரிந்தவருக்கு அந்த இருபத்தெட்டு அடியைக் கடக்க இரண்டு நாளாகியும் கால் வரவில்லை.

சனிக்கிழமை காலை, இவர் முன்புறப் புல்லில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது நீல நிற வண்டி ஒன்று வந்து நின்றது. சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, கையில் தொப்பி.

"வணக்கம்மா. ரொவீனான்னு ஒரு பொண்ணு இந்தப் பக்கம் குடிவந்திருக்காமே? அவங்க அம்மா ஒரு பெட்டி கொடுத்தனுப்பினாங்க. உணவகத்துல கேட்டேன். 'வெல்டாவைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியாத வீடே கிடையாது'ன்னாங்க."

ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்தப் பாராட்டுக்குக் காத்திருந்தவர் வெல்டா அம்மாள். எதிர்வீட்டு ஜன்னலில் திரை கொஞ்சம் அசைந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. களை பிடுங்குவதை நிறுத்தவும் இல்லை.

"ரொவீனாவா? தெரியும் தம்பி. ஒரு எல்லும் கிடையாது, ரெண்டு எல்லும் கிடையாது, எழுத சுலபமான பேரு" என்று என்னத்தையோ உளறி மூச்சைப் பிடித்துக்கொண்டார். "இங்க இல்லப்பா. ஏரி ரோட்டுல, பதினோரு மைல் போகணும். வெள்ளை வீடு, சிவப்புக் கொட்டகை, அஞ்சு ஏக்கர். கதவைத் தட்டிட்டு அங்கேயே நில்லு, அந்தப் பொண்ணு திறக்க நேரமாகும்."

அவன் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

ஏரி ரோட்டு வெள்ளை வீடு, பதிவேட்டின்படி, மாவட்டப் போலீஸான ஷெரீஃப் அலுவலகத்தின் துணை அதிகாரி கென்டன் என்பவருடையது. சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. அது பதிவேட்டில் இல்லை. அவர் மனைவிக்குப் பல் பிடுங்கிய நாளிலிருந்து வெல்டா அம்மாளுக்குத் தெரியும்.

"கென்டன், உன் வீட்டுக்கு ஒருத்தன் வரான். பக்கத்து மாவட்டத்துத் தடை உத்தரவு, எண்ணை எழுதிக்கோ" என்று போனில் வழக்கு எண்ணைத் தடங்கலில்லாமல் சொன்னார்.

கென்டன் தன் வீட்டு வாசலிலேயே, வீட்டுச் செருப்போடு, அவனைப் பிடித்தார். வண்டியில் பெட்டி ஒன்று இருந்தது உண்மைதான். அதில் என்ன இருந்தது என்று கென்டன் யாரிடமும் சொல்லவில்லை. வெல்டா அம்மாளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த இருபத்தெட்டு அடியைக் கடந்தார். கையில் ரொட்டி இல்லை.

"அவனை நான் பார்த்தேன்" என்றாள் ரோ. சங்கிலி போட்ட கதவின் இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. "நீங்க அவனைத் திருப்பி அனுப்பினதையும் பார்த்தேன். ரொம்ப நன்றிங்க."

நன்றி சொன்னால் எப்படி? வெல்டா அம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். நாய், எண், உணவகம், ஜூன், பூப்படம், இரண்டு நாள். ஒன்று விடாமல்.

ரோ கதவுச் சங்கிலியைக் கழற்றவில்லை.

"இந்த ஊருல இருபது நாள் நல்லாத் தூங்கினேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

செவ்வாய்க்கிழமை வீடு காலியாக இருந்தது. போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெல்டா அம்மாள் கணினி முன் உட்கார்ந்தார். ஒஹையோவில் எண்பத்தெட்டு மாவட்டங்கள். நாய் உரிமம் எல்லாவற்றிலும் வேண்டும். விரல் ஆறு நிமிஷம் விசைகளின் மேலேயே இருந்தது. மெர்ல் செய்தித்தாளோடு கதவருகே வந்து நின்றார். பிறகு வெல்டா அம்மாள் கணினியை அணைத்துவிட்டுக் களை பிடுங்கப் போனார். அந்த ஒரு காரியம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

ஒஹையோக்காரர்களே இப்படித்தான் என்கிறீர்களா? சரி. பெண் கேட்டு வந்தவர்களின் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தது யார்? மாடியில் குடிவந்தவரை வாக்காளர் பட்டியலில் தேடி, தகப்பனார் பெயரைப் பார்த்து, 'ஓ, அப்படியா' என்று தலையாட்டியது யார்? நானும் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

போகட்டும். ரோ இப்போது எந்த ஊரில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாளா என்று உங்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது, இல்லையா? நல்ல மனதோடுதான், தெரியும்.

அதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.